மாதமடலின் நாலாம் பக்கம்

வக்கீல் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு,

போன வாரம் நான்கு பேர் என் வீட்டுக்கு வந்தீர்கள். வக்கீல் சங்கத்து மலருக்கு என் அனுபவத்தை எழுதித் தர வேண்டும், ஜெயித்த கேஸாக இருந்தால் நல்லது என்றீர்கள். மூன்று பேர் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். நான்காவது ஆள் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுப் போனார். நான் கவனிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம்.

சித்தூர் கோர்ட்டில் நாற்பத்தொரு வருடம் சிவில் பக்கம் மட்டும் பார்த்தேன். ப்ரோநோட்டுக் கடன், சீட்டுப் பணம், வாடகை பாக்கி, விபத்து இழப்பீடு. நீங்கள் போன பிறகு பழைய டைரிகளை எடுத்து எண்ணினேன். விபத்து மனுக்கள் மட்டும் அறுநூற்றுப் பன்னிரண்டு. அவற்றில் ஜெயித்தவற்றைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. ஒரு கேஸ் எதனால் ஜெயித்தது என்று வக்கீலுக்குச் சரியாகத் தெரியாது. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அன்று காய்ச்சலாக இருந்திருக்கலாம். தோற்ற கேஸில்தான் எந்த நிமிடத்தில் தோற்றோம் என்பது தெரியும். இந்தக் கேஸில் எனக்கு அது தெரியும். பகல் பன்னிரண்டே முக்கால்.

கிருபாவதி எங்கள் சபையைச் சேர்ந்தவள். சித்தூரில் மிஷன் காலத்திலிருந்து இருக்கிற தமிழ்ச் சபை எங்களுடையது. கோயிலில் இடது பக்கம் எட்டாவது பெஞ்சில் உட்காருவாள். கணவன் விட்டுவிட்டுப் போய்ப் பல வருடம். ஒரே மகள் திருப்பதியில் நர்சிங் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். இவள் தையல்காரி. காணிப்பாக்கத்தில் மூன்று துணிக்கடைகளுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்து வந்தாள். வாரம் இரண்டு தடவை ஷேர் ஆட்டோவில் மூட்டையோடு போவாள்.

அப்படிப் போன ஒரு நாள், கடை ஓரம் நின்றிருந்தபோது, பக்தர்களை இறக்கிவிட்ட வேன் ஒன்று பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்தது. பின்னால் கரண்ட் கம்பம். கம்பத்துக்கும் வேனுக்கும் நடுவில் அவளுடைய வலது கை சிக்கிக்கொண்டது.

வேலூரில் நான்கு ஆபரேஷன். மணிக்கட்டோடு கையை எடுக்க வேண்டியிருக்கும் என்று முதலில் சொன்னார்கள். கடைசியில் எடுக்கவில்லை. கை தங்கியது. ஆனால் கட்டை விரல் மடங்காது, அடுத்த இரண்டு விரல்களில் பிடிப்பு இல்லை. தையல்காரிக்கு அது கை இல்லை. கத்தரிக்கோலைப் பிடிக்க முடியாது.

வேனுக்கு இன்சூரன்ஸ் இருந்தது. பன்னிரண்டு லட்சம் கேட்டு மனுப் போட்டேன். அதில் பெரிய பங்கு, இனிமேல் அவள் சம்பாதிக்க முடியாமல் போனதற்கு. அது வந்தால்தான் மகளின் படிப்பு. வீட்டில் வேறு வழி இல்லை என்று எனக்குத் தெரியும். ஒரே சபை என்பதால் பீஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதைப் பெருமையாக நான்கு பேரிடம் சொல்லவும் செய்தேன்.

இப்போது என் தவறுக்கு வருகிறேன்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. காய்ச்சல் போனாலும், பிள்ளை பாஸானாலும், வீடு கிரகப்பிரவேசம் ஆனாலும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று இரண்டு வார்த்தை சொல்லிக் கவரில் ஸ்தோத்திரக் காணிக்கை போடுவார்கள். அந்த விவரம் சபையின் மாதமடலில் அச்சாகும். மடல் நான்கே பக்கம். முதல் பக்கம் ஆயரின் செய்தி, இரண்டாம் பக்கம் ஸ்தோத்திரக் காணிக்கைகள், மூன்றாம் பக்கம் பிறப்பு, திருமணம், மரணம். நாலாம் பக்கம் கூட்ட நேரங்கள். அதன் அடியில் சின்ன எழுத்தில் பொறுப்பாசிரியர் பெயர். பதினெட்டு வருடம் அங்கே இருந்தது என் பெயர்.

விபத்து நடந்து எட்டு மாதம் கழித்து, கையில் இருந்த கம்பிகளை எடுத்த பிறகு, கிருபாவதி கோயிலில் எழுந்து நின்றாள். அவள் சொன்னது இவ்வளவுதான்:

"கைய வெட்டணும்னு சொன்னாங்க. வெட்டாம வுட்டுட்டாங்க. கை இருக்குது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

நான் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். அந்த வாரம் மடலுக்கு எழுதும்போது, "விபத்தில் காயமுற்ற சகோதரி கிருபாவதி, கர்த்தர் தமக்குப் பூரண சுகம் அருளியமைக்காக, ரூ. 500" என்று எழுதினேன்.

ஏன் அப்படி எழுதினேன்? எல்லோருக்கும் அப்படித்தான் எழுதுவேன். அந்த இதழில் பதினொரு காணிக்கைகள். அவற்றில் ஆறு பேருக்குப் பூரண சுகம். அந்த ஆறு பேரில் ஒரு பெரியவர் அடுத்த மாதமே மூன்றாம் பக்கத்தில், மரணப் பகுதியில் இருந்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கையெழுத்துக்கு மேலே "இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிந்துள்ள" என்று போடுவது போல, பொருள் பார்க்காமல் போடுகிற வார்த்தைகள் அவை.

அவளுடைய ஊன மனுவை என் ஆபீஸ் மேஜையில் எழுதினேன். அவளுடைய பூரண சுகத்தையும் அதே மேஜையில், அதே பேனாவில் எழுதினேன். இரண்டுக்கும் நடுவே ஒன்றரை மாதம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

கட்சிக்காரரைக் கூண்டில் ஏற்றும் முன் கேட்பதற்கென்று நான் பதினாறு கேள்விகள் வைத்திருந்தேன். அட்டையில் ஒட்டி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருப்பேன். பதினோராவது கேள்வி: "இந்தக் காயத்தைப் பற்றி வேறு எங்காவது, யாரிடமாவது சொல்லியோ எழுதியோ இருக்கிறீர்களா?" கிருபாவதியிடம் பதினைந்து கேள்விகள் கேட்டேன். பதினோராவதை விட்டுவிட்டேன். ஞாயிறுதோறும் பார்க்கிற பெண், இவளைப் பற்றி எனக்குத் தெரியாததா என்ற எண்ணம். தெரிந்தவர்களின் கேஸை எடுக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன், இந்த ஊரில் அப்படிப் பிழைக்க முடியாது. ஆனால் தெரிந்தவர்களிடம் எல்லாக் கேள்வியையும் கேளுங்கள்.

மடல் இருநூறு பிரதி அடிப்போம். கோயிலில் நூற்றெண்பத்தேழு போகும். மீதிப் பதிமூன்றை என் ஆபீஸ் முன்னறை பெஞ்சில் வைப்பேன், காத்திருக்கிறவர்கள் படிக்கட்டும் என்று. அந்த இதழில் ஒரு நாள் எண்ணினால் பன்னிரண்டுதான் இருந்தது. குமாஸ்தா முனிரத்தினத்தைக் கூப்பிட்டேன்.

"ஒண்ணு எங்கடா?"

"எது சார்?"

"மடல். பதிமூணு வச்சேன். வடை கட்ட எடுத்துக்கினு போனியா?"

"சார், அது வழவழன்னு இருக்குது. எண்ணெயே இழுக்காது. அதுல எவன் சார் வடை கட்டுவான்?"

"அப்ப கட்டிப் பாத்திருக்கே."

அவன் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டான். மூன்று நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அந்த வாரம் எதிர்த்தரப்பு இன்சூரன்ஸ் வக்கீல் ஒரு சட்டப் புத்தகம் இரவல் வாங்க வந்து, அதே பெஞ்சில் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தார் என்பது அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை. அவருக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும். சித்தூர்க்காரர்தானே.

ஒரு வருடம் கழித்து விசாரணை வந்தது. நீதிபதி குண்டூர் பக்கத்து மனிதர், நல்லவர், தமிழ் தெரியாது. கோர்ட் ஹாலில் நான்கு மின்விசிறி, ஓடியது மூன்று. கிருபாவதி கூண்டில் ஏறினாள். வலது கையை முந்தானையால் மூடியிருந்தாள். நான்தான் "மூடாதேம்மா, நீதிபதி பார்க்கட்டும்" என்றேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் எடுத்தாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் சின்னச் சின்னக் கேள்வியாகக் கேட்டார். வண்டி எவ்வளவு தூரத்தில் இருந்தது, நீ ஏன் ஒதுங்கவில்லை, வீட்டில் தையல் மெஷின் இன்னும் இருக்கிறதா. அவள் பதற்றமில்லாமல் பதில் சொன்னாள். பிறகு அவர் பையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்தார். எனக்கு ஒரு நகல் நீட்டினார். மடலின் இரண்டாம் பக்கம் மட்டும். கொடுக்கும்போது குனிந்து என் காதருகே, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"நாலாம் பக்கம் போடல அண்ணா. உங்க மரியாதைக்காக."

அந்த மரியாதை எனக்கு அப்போது இனித்தது. அதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

நீதிபதி தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதி தமிழமா? ஏமுந்தி இந்துலோ?", இது தமிழா, இதில் என்ன இருக்கிறது என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அந்த ஹாலில் தமிழிலிருந்து தெலுங்குக்கு மாற்றிச் சொல்ல எப்போதும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் எழுந்தேன். நானே எழுதிய வரியை நானே தெலுங்கில் சொன்னேன். "சம்பூர்ண ஆரோக்யம்" என்றேன். மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் இல்லை.

"அப்ஜெக்ஷன் ஏமன்னா உந்தா?", ஆட்சேபணை ஏதாவது உண்டா என்று கேட்டார்.

மணி பன்னிரண்டே முக்கால்.

அப்போது நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். "இந்த வரி என்னுடையது. மனுதாரர் சொன்ன வார்த்தைகள் வேறு. நானே காதால் கேட்டேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நான் சாட்சியாகிவிடுவேன். சாட்சியாகிறவன் அதே கேஸில் வக்கீலாக இருக்கக் கூடாது. வக்காலத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, கோட்டைக் கழற்றிவிட்டுக் கூண்டில் ஏற வேண்டும். ஏறினால் இதே வக்கீல் என்னைக் கேள்வி கேட்பார். பதினெட்டு வருடம் ஊருக்கே பூரண சுகம் எழுதியவர் நீங்கள்தானா, அத்தனையும் பொய்யா என்பார். பின்னால் இரண்டு பெஞ்ச் நிறைய வக்கீல்கள் உட்கார்ந்திருந்தார்கள். எண்ணினேன், பதினான்கு பேர். சாயங்காலத்துக்குள் காண்டீன் முழுக்கச் சிரிப்பாகிவிடும்.

"சம்பந்தம் இல்லாத ஆவணம் என்ற ஆட்சேபணைக்கு உட்பட்டு ஏற்கலாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அப்படிச் சொன்னால் ஏதோ சொன்னது போலவும் இருக்கும், ஒன்றும் சொல்லாதது போலவும் இருக்கும். நீங்களும் கற்றுக்கொள்வீர்கள். தயவுசெய்து மெதுவாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் அவளைப் பிடித்துக்கொண்டார். கேள்வியையும் பதிலையும் அவரே நீதிபதிக்குத் தெலுங்கிலும் சொல்லிக்கொண்டு போனார்.

"இது உங்க கோயில் புக்குதானேம்மா?"

"ஆமாங்க."

"இதுல இருக்கறது உன் பேருதானே?"

"ஆமாங்க."

"ஐந்நூறு ரூபா குடுத்தது நெஜந்தானே?"

"நெஜந்தாங்க."

"பூரண சுகம்னு போட்டிருக்குது. பூரணம்னா முழுசா. அப்ப கோயில்ல பொய் சொன்னியா, இல்ல இங்க பொய் சொல்றியா? ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா."

அவள் என்னைப் பார்த்தாள். எங்கள் சபையில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், மடலை எழுதுவது யார் என்று. ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. "ஐயாதான் எழுதினாரு" என்றால் முடிந்தது. நான் கையிலிருந்த கேஸ் கட்டின் நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாடாவில் மூன்று முடிச்சு.

"கோயில்ல நான் பொய் சொல்லலைங்க" என்றாள்.

நீதிபதி டைப்பிஸ்டுக்குச் சொல்லச் சொல்ல அது ஆங்கிலத்தில் ஏறியது. நான் பூரண சுகம் அடைந்ததாகச் சபையில் கூறியது உண்மை.

எதிர்த்தரப்பு கேட்டு முடித்த பிறகு, நம் சாட்சியிடம் நாம் மறுபடி கேள்வி கேட்டுக் குழப்பத்தைத் தெளிவுபடுத்தலாம். அதற்குத்தான் சட்டம் அந்த இடத்தை வைத்திருக்கிறது. ஒரே ஒரு கேள்வி. "கோயிலில் நீங்கள் சொன்ன வார்த்தைகள் என்னம்மா?" அதைக் கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். வெட்டாமல் விட்டார்கள், கை இருக்கிறது. ஆனால் அடுத்து நீதிபதி, அப்படியென்றால் இதை எழுதியது யார் என்று கேட்பார். நான் எழுந்து, "ரீ எக்ஸாமினேஷன் இல்லை" என்றேன்.

வெளியே வராந்தாவில் அவள் கேட்டாள்: "தப்பா எதுனா சொல்லிட்டேனா ஐயா?"

"இல்லம்மா. சரியாத்தான் சொன்னே."

அது உண்மை. அவள் கோயிலிலும் உண்மை சொன்னாள், கூண்டிலும் உண்மை சொன்னாள். நடுவில் இருந்த பொய் என்னுடையது.

ஊனச் சான்று கொடுத்த டாக்டர் அடுத்த வாய்தாவில் வந்து சாட்சி சொன்னார். சிகிச்சை செய்தவர் அவர் இல்லை. அதையும் அந்தத் தாளையும் சேர்த்து வைத்து எதிர்த்தரப்பு வாதாடியது. தீர்ப்பு பதினான்கு பக்கம். ஒன்பதாம் பக்கத்தில் அந்த வரி இருக்கிறது: மனுதாரர் தாம் பூரண குணமடைந்ததை ஒப்புக்கொண்டிருக்கும் நிலையில், சம்பாதிக்கும் திறனை நிரந்தரமாக இழந்தார் என்ற வாதம் ஏற்கத்தக்கதல்ல. ஆஸ்பத்திரிச் செலவுக்கும் வலிக்குமாகச் சேர்த்து இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். ஆபரேஷனுக்கு வாங்கின கடனே ஒன்றே முக்கால்.

"அமராவதி ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போடலாம்மா" என்றேன்.

"எத்தினி வருசம் ஆகும் ஐயா?"

"நாலஞ்சு வருசம் ஆகலாம்."

"அதுக்குள்ள அவ படிப்பே முடிஞ்சிருக்கும். போதுங்க."

போதும் என்று அவள் சொன்னபோது எனக்கு மூச்சு லேசானது. அப்பீலில் வேறு வக்கீல் வருவார், அந்த மடல் முழுதாக எங்கே என்று கேட்பார். அந்தப் பயம் போன நிம்மதிதான் அது. அவளுடைய நஷ்டத்தில் என் நிம்மதி. மகள் மூன்றாம் வருடப் பீஸ் கட்டவில்லை. இப்போது திருப்பதி ரயிலடிப் பக்கம் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருக்கிறாள். பன்னிரண்டு மணி நேர வேலை. நர்சாகியிருந்தாலும் பன்னிரண்டு மணி நேரம்தானே என்று ஒரு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனிதன் எதையெல்லாம் கணக்குப் போட்டுச் சமாளிக்கிறான் பாருங்கள்.

தொழிலில் இருந்தபோது இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். ஆவணத்தில் தவறு இருந்தால் பிறகு திருத்தலாம். வாய்தா தவறினால் மனுப் போட்டு மன்னிப்புக் கேட்கலாம். உங்களுடைய தவறு உங்கள் கட்சிக்காரரின் மேல் விழும் நிமிடத்தில் எழுந்திருக்காவிட்டால், அதற்குப் பிறகு எழுந்திருக்க எந்தச் சட்டத்திலும் பிரிவு இல்லை. நான் தேடிப் பார்த்தேன்.

பணம் வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். கிருபாவதி வந்தாள். ஒரு கவரும் ஒரு துண்டுத் தாளும் கொடுத்தாள்.

"காணிக்கை ஐயா. இதுல எழுதிக்கினு வந்திருக்கறேன். நீங்க திருத்திப் போட்டுக்குங்க."

இடது கையால் எழுதியிருந்தாள். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருந்தன. நான் படித்தேன். பிறகு, ஒன்றரை வருடமாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"ஏம்மா, அன்னிக்குக் கூண்டுல, நான்தான் எழுதினேன்னு ஏன் சொல்லல?"

அவள் கோபப்படவில்லை. மழை வருமா என்று கேட்டால் பதில் சொல்வதுபோலச் சொன்னாள்.

"நீங்க எழுந்து சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன் ஐயா."

சொல்லிவிட்டு, குடையை இடது கையில் பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனாள்.

தாளில் இருந்தது இது: "கேஸ் முடிஞ்சது. பணம் வந்தது. கை அப்படியேதான் இருக்குது. ஸ்தோத்திரம்."

எட்டு வார்த்தை. அப்படியே அச்சுக்குக் கொடுத்தேன். மடல் வந்ததும் ஆயர் போன் செய்து, "என்ன ஐயா, இந்த மாசம் ஒரு இடத்துல மட்டும் நடை சரியில்லையே" என்றார். இருக்கட்டும் ஐயா என்றேன். அதற்கு அடுத்த மாதத்திலிருந்து நாலாம் பக்கத்தில் வேறொருவர் பெயர் வருகிறது.

பதினெட்டு வருடத்தில் அந்த மடலில் நான் அவளைப் பற்றிச் சரியாகப் போட்டது அந்த எட்டு வார்த்தைதான். அதையும் அவள்தான் எழுதியிருந்தாள்.